காயக் கூடாத மண்

ஜெயபிரகாஷ் பெட்டியைத் திறந்ததும் முதலில் வெளியே வந்தது வாசனைதான். மழை விட்ட மறுநாள் வாழைத்தோப்புக்குள் நுழைந்தால் ஒன்று அடிக்குமே, அந்த மாதிரி. மடித்து வைத்திருந்த துணிகளுக்கு நடுவிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தான். பைக்கு மேல் பை, அதற்கு மேல் இன்னொரு பை, மூன்றையும் சேர்த்து செலோடேப்பால் சுற்றியிருந்தான். இரண்டு கையாலும் ஏந்தி என்னிடம் நீட்டியபோது என் முகத்தைப் பார்க்கவில்லை.

உள்ளே இருந்தது என் வீட்டுக்காரரைப் புதைத்த இடத்து மண்.

தலையணை அளவுக்கு இருந்ததால் கனக்கும் என்று நினைத்து இடுப்பில் முட்டுக் கொடுத்துத்தான் வாங்கினேன். நினைத்ததில் பாதிகூடக் கனம் இல்லை. இலவம்பஞ்சை நனைத்துக் கட்டினது மாதிரி இருந்தது. ஏர்போர்ட்டில் ஒரு ஆபீசர் இது என்னவென்று கேட்டாராம். சாமி மண் என்று சொன்னானாம். எந்தச் சாமி என்று அவர் கேட்கவில்லையாம். இதைச் சொல்லிவிட்டு அவனாகச் சிரித்தான், நானும் கொஞ்சம் சிரித்தேன். பிறகு நான் காபி வைக்க எழுந்து போனேன்.

எங்கள் தோட்டம் வெண்ணந்தூரிலிருந்து மேற்கே மூன்று கிலோமீட்டர். சுற்றி யாரும் இல்லை. காற்று இந்தப் பக்கம் திரும்பினால் ஊருக்குள் ஓடுகிற விசைத்தறிச் சத்தம் கேட்கும், அதுதான் துணை. ஒரே பெண் ரஞ்சனி, பெங்களூரில் இருக்கிறாள். பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்தனார் பூபதி குடும்பம் இருக்கிறது. பக்கம் என்றால் கூப்பிட்டால் கேட்காத பக்கம்.

என் வீட்டுக்காரர் சரவணமுத்து திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் டிரில்லர். போர் போடுகிற லாரியில் குழாயை இறக்கி ஏற்றுகிற மெஷினுக்குப் பக்கத்தில் நிற்கிற ஆள். ஆந்திரா, ஒரிசா என்று சுற்றிக்கொண்டிருந்தவர் நாற்பத்தொன்பது வயதில் தான்சானியாவுக்குப் போனார். ஓனர் இரண்டு வண்டியைக் கப்பலில் ஏற்றி அனுப்பினார், இவர் விமானத்தில் பின்னாலேயே போனார். இரண்டு வருடத்தில் வந்துவிடுவேன் என்றார். பதினொரு வருடம் ஆனது. நடுவில் ஐந்து தடவை லீவுக்கு வந்தார். கடைசித் தடவை நாற்பது நாள் லீவு என்று வந்தவர் முப்பதாவது நாளே கிளம்பிவிட்டார். வண்டிக்கு வேலை வந்துவிட்டது என்றார். வந்திருக்கும். நான் கேட்டுக்கொள்ளவில்லை.

கொரோனாவில் இரண்டாவது அலை அடித்ததே, அந்த மே மாதம் அங்கேயே போய்விட்டார். மூன்று நாள் காய்ச்சல், மூச்சுத் திணறல், அவ்வளவுதான். உடம்பை அனுப்ப வழியில்லை என்று ஓனர் போனில் அழுதார். வண்டி அப்போது ஒரு மலைமேல் நின்றிருந்தது. காப்பித் தோட்டத்துக்குப் போர் போடப் போயிருந்தார்கள். தோட்டத்துக்காரரே காடு ஆரம்பிக்கிற இடத்தில் ஓரமாக இடம் கொடுத்தார். அதே வண்டியில் அவரோடு வேலை பார்த்த ஜெயபிரகாஷும் இன்னும் மூன்று பேரும் குழி வெட்டிப் புதைத்தார்கள். வீடியோ எடுத்து அனுப்பினார்கள். அதை இன்றுவரை நான் முழுதாகப் பார்த்ததில்லை.

காபியைக் குடித்துக்கொண்டே ஜெயபிரகாஷ் அந்தக் குழியைப் பற்றி ஒன்று சொன்னான்.

"வெட்ட அரை மணி நேரங்கூட ஆவலீங்கம்மா. மம்முட்டி வெண்ணெயில எறங்கற மாதிரி எறங்குச்சு. அண்ணனுக்கு அந்த மண்ணுன்னா ஒரு இதுங்க."

எனக்குத் தெரியும். எங்கள் பேச்சே அந்த மண்ணைப் பற்றித்தான். வாரத்துக்கு ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை போன் செய்வார். சாப்பிட்டாயா, மாட்டுக்குத் தீவனம் இருக்கிறதா, ரஞ்சனி பேசினாளா. மூன்று கேள்வி முடிந்தால் பேச ஒன்றும் இருக்காது. வைத்துவிடவும் மனசு வராது. அப்போது மண்ணைப் பற்றி ஆரம்பிப்பார். இங்கே மலை முழுக்க ஒரு காலத்தில் எரிமலை கக்கின சாம்பலாம், அதன்மேல் காடு முளைத்து இலை விழுந்து விழுந்து கரியாகக் கறுத்துக் கிடக்கிறது என்பார். நம் ஊரில் பத்தடிக்குள் பாறை தட்டிவிடும், இங்கே துளைச் சுவரைத் தாங்க எண்பதடி கேசிங் பைப் இறக்கினாலும் ஓரம் சரிந்துகொண்டே இருக்கிறது, மெஷின் நிற்கிற இடமே காலுக்கடியில் அமுங்குகிறது என்பார். ஒரு கை அள்ளி இறுக்கிப் பிடித்தால் விரல் சந்தில் தண்ணீர் கசிந்து கூழாக வழுக்குமாம். கையைத் தளர்த்தினால் ஒன்றும் நடக்காதது மாதிரி மறுபடி கட்டியாகிவிடுமாம். தோட்டத்துக்காரர் மூட்டை மூட்டையாக சூப்பர் பாஸ்பேட் போடுகிறார், மண் அதை வாங்கி வைத்துக்கொண்டு செடிக்குத் தர மாட்டேன் என்கிறது என்று ஒரு தடவை சொன்னார். நீங்களும் அப்படித்தானே, மனசில் இருப்பதை வெளியில் விட மாட்டீர்களே என்று நான் கேட்டேன். அப்புறம் டவர் இல்லை என்று வைத்துவிட்டார்.

மண் கேட்டு வாங்கினதற்குக் காரணம் பூபதி. எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. குடும்பம் ஊர் மாறிப் போனால் பழைய குலதெய்வக் கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துப் போய்ப் புது இடத்தில் போட்டு, அதன்மேல் கல் வைத்துக் கும்பிடுவார்கள். பிடிமண் போனால் சாமியும் கூடவே போகும் என்று கணக்கு. அண்ணனுக்கும் அப்படிச் செய்யலாம் என்று பூபதி சொன்னார். அவரை அடக்கின இடத்து மண்ணைக் கொண்டுவந்து நம் தோட்டத்து வேப்பமரத்தடியில் வைத்துப் பால் ஊற்றினால் அவர் ஊருக்கு வந்த மாதிரி. பத்திரத்தில் இந்தத் தோட்டம் இன்னும் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பொதுவில்தான் இருக்கிறது. அவர் வாயாலேயே இங்கே வைக்கலாம் என்று சொன்னதில் எனக்கு அவ்வளவு நிம்மதி. இரண்டு வருடமாக எங்கே உட்கார்ந்து அழுவது என்று தெரியாமல் இருந்தேன். சமையல்கட்டிலும் அழக் கூடாது, கட்டிலிலும் அழக் கூடாது, அதற்கென்று ஒரு இடம் வேண்டுமல்லவா.

ஜெயபிரகாஷ் வந்தது ஆடி மாதம். ஆடியில் கல் வைக்க வேண்டாம், ஆவணி பிறக்கட்டும் என்று பூபதி சொல்லிவிட்டார். மூன்று வாரம் அந்த மண் என்னிடம் இருந்தது.

முதல் இரண்டு நாள் பையோடு சாமி அலமாரிக்குக் கீழே வைத்திருந்தேன். பைக்குள் வேர்த்தது. உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்துக்கொண்டு நின்றது. எனக்குப் பயம் வந்துவிட்டது. இப்படியே விட்டால் புழுங்கிப் பூஞ்சணம் பிடித்துவிடும், புழு வைத்துவிடும், ஆவணி வருகிறபோது நாறும். ஈரம் இருக்கிற எதையும் நாங்கள் கட்டி வைக்கிறதில்லை. நெல்லோ கடலையோ மிளகாயோ, காய வைத்துத்தான் மூட்டை பிடிப்போம். மண்ணும் அப்படித்தான். வருடா வருடம் தோட்டத்து மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பும்போது நான்தான் கட்டி உடைத்து, கல் பொறுக்கி, காய வைத்து, துணிப்பையில் போட்டுக் கொடுப்பேன். கை தானாகவே செய்கிற வேலை அது.

மாடியில் என் பழைய வெள்ளைச் சேலையை நான்காக மடித்து விரித்து, பையை அவிழ்த்துக் கொட்டினேன். கன்னங்கரேலென்று குவிந்தது. அவர் சொன்ன மாதிரி ஒரு கை அள்ளி அமுக்கிப் பார்த்தேன். தண்ணீர் கசிந்து வழுக்கியது. கையை விட்டேன், கட்டியாகிவிட்டது. இன்னொரு தடவை அமுக்கினேன். எத்தனை தடவை அப்படிச் செய்தேன் என்று நினைவில்லை. வெயில் ஏறிவிட்டது, அதனால் நிறுத்தினேன்.

அப்புறம் கட்டிகளை ஒவ்வொன்றாக விரலால் உதிர்த்தேன். சின்ன வேர்கள் இருந்தன. அவற்றையும் எறிய மனசு வராமல் ஓரமாக வைத்தேன். பரப்பிவிட்டு, காக்கை கிளறாமல் இருக்கப் படிக்கட்டு நிழலில் உட்கார்ந்துகொண்டேன். நான்கு நாள் முழுக்க அதுதான் வேலை. பேச ஆள் வந்த மாதிரி இருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். குச்சிக்கிழங்குக்கு, அதாவது மரவள்ளிக்கு, விலை இல்லாததிலிருந்து ரஞ்சனி மாமியார் பேசினது வரை எல்லாவற்றையும் சொன்னேன். போனில் சொல்லாததையும் சொன்னேன்.

நான்காம் நாள் மண் பாதியாகச் சுருங்கியிருந்தது. கறுப்புப் போய்க் காப்பித்தூள் நிறத்துக்கு வந்துவிட்டது. தொட்டால் தவிடு மாதிரி பொலபொலத்தது, காற்றடித்தால் பறந்தது. வாசனையே இல்லை. நன்றாகக் காய்ந்துவிட்டது என்று சந்தோஷமாக அள்ளி மஞ்சள் துணியில் முடிந்து வைத்தேன்.

ஆவணி பத்தாம் தேதி ரஞ்சனியும் மாப்பிள்ளையும் காரில் வந்தார்கள். ஒறம்பரை, சொந்தபந்தம் என்று இருபது பேர் இருக்கும். வேப்பமரத்தடியில் முழ ஆழத்துக்குக் குழி வெட்டி, முடிச்சை அவிழ்த்து மண்ணைக் கொட்டி, மேலே கையால் தடவிச் சமப்படுத்தினார்கள். கல் பக்கத்தில் தயாராகக் கிடந்தது. கூடப்பிறந்தவர் என்று பூபதிதான் முதல் பால் ஊற்றினார்.

பால் இறங்கவில்லை.

சேப்பங்கிழங்கு இலையில் தண்ணீர் நிற்கிற மாதிரி உருண்டையாக நின்றது. மண் தூள்தான் மேலே வந்து பாலின்மேல் மிதந்தது. அவர் இன்னும் கொஞ்சம் ஊற்றினார். பால் அந்த மண்ணைத் தொடாமல் வழிந்து ஓரத்துக்கு ஓடி, எங்கள் செம்மண்ணைத் தொட்டதும் சுருக்கென்று உள்ளே போய்விட்டது. ரஞ்சனி ஊற்றினாள், அப்படியேதான். தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள், அதுவும் உருண்டு ஓடியது. பூபதி சொம்பைக் கீழே வைத்தார்.

"அண்ணனுக்கு இங்க வர இஷ்டமில்லீங்க அண்ணி. வாங்கிக்க மாட்டீங்கறாரு பாருங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவர் கண்ணும் கலங்கியிருந்தது. அதனால்தான் எனக்கு இன்னும் வலித்தது.

அங்கேயே பேசி முடித்தார்கள். ஒப்பாத மண்ணைத் தோட்டத்தில் வைக்கக் கூடாது. வருகிற அமாவாசைக்குப் பவானி கூடுதுறைக்குக் கொண்டுபோய் ஆற்றில் கரைத்துவிடலாம், அவர் இஷ்டப்பட்ட இடத்துக்குப் போகட்டும். மண்ணை வழித்து ஒரு சட்டியில் போட்டு என் வீட்டுக்கு வெளியே மாடத்தில் வைத்தார்கள். ரஞ்சனி அன்று சாயங்காலமே கிளம்பிவிட்டாள், மறுநாள் ஆபீஸ். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, இதையெல்லாம் மனசில் போட்டுக்கொள்ளாதே என்றாள். மனசில் போடாமல் வேறு எங்கே போடுவது என்று கேட்க நினைத்தேன், கார் திரும்பிவிட்டது.

அமாவாசைக்குப் பதினெட்டு நாள் இருந்தது. எந்நேரமும் எனக்கு ஒரே யோசனைதான். பத்து நாள் முன்னாலேயே கிளம்பினாரே, அது எதற்கு. இரண்டு வருடம் என்று போனவர் பதினொரு வருடம் இருந்தாரே, அது எதற்கு. ஜெயபிரகாஷுக்குப் போன் செய்து, அண்ணன் ஊருக்கு வருகிறதைப் பற்றி என்ன சொல்லுவார் என்று கேட்டேன். அவன் நல்லவன், பொய் சொல்லவும் தெரியாது. ஒன்றும் சொன்னதில்லை என்றான். அந்த மலைக் குளிர் அவருக்குப் பிடித்துப்போய்விட்டது, வேலை முடிந்த பிறகு காட்டு ஓரத்தில் போய் உட்கார்ந்திருப்பார் என்றான். நான் இங்கே தனியாக உட்கார்ந்திருந்த நேரத்தில் அவர் அங்கே தனியாக உட்கார்ந்திருந்திருக்கிறார். கேட்டதும் ஆறுதலாக இருந்ததா எரிச்சலாக இருந்ததா என்று எனக்கே பிடிபடவில்லை.

ஒரு வாரம் போனது. ஒரு நாள் காலையில் மாடத்துச் சட்டியைப் பார்த்துக்கொண்டே பல் விளக்கும்போது தோன்றியது. பத்து வருடமாக எல்லா மண்ணையும் பரிசோதனைக்கு அனுப்புகிறோம், இதை ஏன் அனுப்பவில்லை. இரண்டு கை மண்ணைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு ராசிபுரம் போய், அங்கிருந்து நாமக்கல் பஸ் பிடித்தேன். பூபதியிடம் சொல்லவில்லை.

மண் பரிசோதனை நிலையத்தில் உஷாராணி என்று ஒரு பெண் இருக்கிறாள். முப்பது வயது இருக்கும், எங்கள் மண் அட்டையில் கையெழுத்துப் போடுகிறவள். எந்தப் பயிருக்கு என்று கேட்டாள். பயிருக்கில்லை என்றேன். பையைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்தவள் முகம் மாறிவிட்டது. உள்ளங்கையில் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். மேஜையில் பரப்பி ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாள். சொட்டு முத்து மாதிரி நின்றது.

"இது நம்மூர் மண்ணே இல்லீங்களே. எங்கிருந்து கொண்டாந்தீங்க?"

சொன்னேன். வெளிநாட்டு மண்ணை இப்படிக் கொண்டு வரக் கூடாது, நோய் வரும், தப்பு என்று முதலில் கண்டித்தாள். எதற்காக என்று கேட்டாள். அதையும் சொன்னேன், பால் நின்றது வரைக்கும். அப்புறம் அவள் எதையும் கண்டிக்கவில்லை. நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

பாடத்தில் படித்திருக்கிறாளாம், பயிற்சிக்கு ஊட்டிக்குப் போனபோது சோலைக்காட்டுக்குள் கொஞ்சம் இதே குணமுள்ள மண்ணைத் தொட்டும் பார்த்திருக்கிறாளாம். எரிமலைச் சாம்பல் மழையில் ஊறிச் சிதைந்து ஆகிற மண்ணுக்கு உள்ளே கண்ணுக்குத் தெரியாத பொந்துகள் கோடிக்கணக்கில் இருக்கும். அதனால்தான் கனமே இல்லை. அந்தப் பொந்துகளில் தன் எடைக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், சில மண் அதற்கு மேலும் பிடிக்கும். அமுக்கினால் கசியும், விட்டால் உறிஞ்சிக்கொள்ளும். மலை மேல் காட்டு நிழலும் மூடுபனியும் இருக்கிறவரை அதற்கு ஒரு குறையும் இல்லை.

"காய வெச்சீங்களாம்மா?" என்றாள்.

"ஆமா சாமி. நாலு நாளு. நல்ல வெயிலு."

மேஜைமேல் அந்தச் சொட்டு இன்னும் நின்றுகொண்டிருந்தது.

"நம்ம செம்மண்ணு எத்தன கோடைக்குக் காஞ்சாலும் ஒரு மழைக்குத் திரும்பிக்குமுங்க. அதுக்குப் பழக்கம். இந்த மண்ணு உண்டானதுல இருந்து காஞ்சதே இல்லீங்கம்மா. ஒருவாட்டி காஞ்சா உள்ள இருக்கற பொந்தெல்லாம் சுருங்கி மூடிக்கும். பொறவு எத்தன தண்ணி ஊத்தினாலும் பழையபடி வாங்காது."

"அப்ப அவரு வேண்டாங்கல?"

"மண்ணுக்கு வேணும் வேண்டாம் தெரியாதுங்கம்மா."

"நாந்தான் கெடுத்துப்போட்டனா?"

உங்களுக்குத் தெரியாதல்லவா, யாராக இருந்தாலும் காயத்தான் வைத்திருப்பார்கள் என்றாள். நாங்களே நிழலில் உலர்த்திக் கொண்டுவரத்தானே எல்லோருக்கும் சொல்லியிருக்கிறோம் என்றாள். ஊற வைத்தால் திரும்பிவிடுமா என்று கேட்டேன். முழுக்கத் திரும்பாது, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துக் கையால் பிசைந்துகொண்டே இருந்தால் ஓரளவுக்கு நனையும், ஆனால் அந்தப் பழைய மண்ணாக ஆகாது என்றாள். எனக்கு டீ வாங்கிக் கொடுத்தாள். பையை முடிந்து கையில் கொடுக்கும்போது இதைப் பதிவில் எழுதவில்லை என்று மட்டும் சொன்னாள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை என்று தெரிந்ததும் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கினது நிஜம். ஆனால் ராசிபுரம் வருவதற்குள் இன்னொன்று ஏறி உட்கார்ந்துவிட்டது. இரண்டு வருடம் அவர் படுத்திருந்த ஈரத்தை நான் நான்கு நாளில் வெயிலில் போட்டு உலர்த்திவிட்டேன். இன்னொரு பை கேட்கலாம் என்றால் அந்த மலையில் இப்போது நம் ஆள் யாரும் இல்லை. வண்டி இரண்டையும் விற்றாயிற்று. இருக்கிறது இவ்வளவுதான்.

பூபதி வீட்டுக்கு நேராகப் போனேன். மோட்டார் ஸ்டார்ட்டரைப் பிரித்து வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். உஷாராணி சொன்னதை எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். எரிமலை, பொந்து, காயக் கூடாதது. அவர் ஸ்குரூ டிரைவரைத் துடைத்துக்கொண்டே முழுசாகக் கேட்டார். அவர் கேட்காத ஆள் இல்லை.

"செரிங்க அண்ணி. அப்ப அண்ணன் வேண்டாம்னு சொல்லல. ஆனா வேணும்னும் சொல்லலீங்களே" என்றார்.

உண்மைதான். அந்த மண் எதையும் சொல்லவில்லை, சொல்லவும் சொல்லாது. அவர் உயிரோடு இருக்கும்போது நானும் வாயைத் திறந்து ஒரு தடவைகூட, வந்துவிடுங்கள் என்று கேட்டதில்லை. கேட்டால் வர மாட்டேன் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். மூன்று கேள்வியோடு நிறுத்திக்கொண்டு மண்ணைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அமாவாசைக்குக் கார் சொல்லிவிட்டேன் என்றார் பூபதி.

"காரு வேண்டாம்னு சொல்லிருங்க. அவருக்கு வர ஆச இருந்துச்சான்னு எனக்குத் தெரியாதுங்க. இனிக் கேக்கவும் முடியாது. எனக்கு அவரு வரோணும்னு இருந்துச்சு. அதுக்குத்தான் கல்லு வெக்கறேன்."

அவர் ஸ்டார்ட்டர் மூடியைப் பொருத்தித் திருகினார். நான்கு திருகும் திருகி முடித்தார். நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஒரு தடவை ஊற்றிவிட்டேன், மறுபடி என்னால் வந்து நிற்க முடியாது என்றார். அதில் தப்பில்லை. அவரும் அந்தக் குழிக்கு முன்னால் நின்று பயந்தவர்தான்.

ரஞ்சனிக்கும் சொன்னேன். அடுத்த மாதம் லீவு கிடைத்தால் வருகிறேன், அதுவரை பொறுத்திரு என்றாள். இல்லை கண்ணு, நாளைக்கே என்றேன்.

மறுநாள் காலையில் பாலும் குடமும் எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனேன். பழைய குழியைத் திரும்ப வெட்டினேன். சட்டி மண்ணை ஒரு அகலமான பாத்திரத்தில் கொட்டி, தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, ஒரு கை தண்ணீர் தெளித்துப் பிசைந்தேன். தண்ணீர் உருண்டு ஓடியது. துரத்திப் பிடித்துப் பிசைந்தேன். தூள் கையெல்லாம் ஒட்டிக்கொண்டு உலர்ந்தே இருந்தது. இன்னும் ஒரு கை. உள்ளங்கையால் தேய்த்து, விரலால் அரைத்து, மறுபடி தெளித்து. அரை மணி நேரம் கழித்து ஓரத்தில் ஒரு நெல்லிக்காய் அளவு நனைந்தது. அதைக் கொண்டு மற்றதைச் சேர்த்தேன். நடுவில் தோள்பட்டை ஓய்ந்துவிட்டது. கொஞ்ச நேரம் மரத்தில் சாய்ந்துகொண்டேன். யாரும் வரவில்லை, யாரும் வரப்போவதும் இல்லை. அதனால் வெட்கப்படாமல் அவரோடு பேசிக்கொண்டே பிசைந்தேன். வந்துவிடுங்கள் என்பதைத்தான் சொன்னேன். முதலில் வாய்க்குள், அப்புறம் சத்தமாக.

பத்து மணி சுமாருக்கு முக்கால்வாசி நனைந்திருந்தது. நிறம் கொஞ்சம் கறுத்தது. எடுத்து அமுக்கிப் பார்த்தேன். பழையபடி கசியவில்லை, மணல் மணலாக நொறுங்கியது. உஷாராணி சொன்னது சரிதான், அது அந்த மண் இல்லை. குழியிலிருந்து எடுத்த எங்கள் செம்மண்ணில் இரண்டு கை அள்ளிப் போட்டு அதோடு கலந்தேன். இரண்டும் சேர்ந்த பிறகு கையில் ஒரு பிடிக்கு நின்றது. அப்படியே குழியில் வைத்துப் பாலை ஊற்றினேன். மேலே கொஞ்ச நேரம் நின்றது. செம்மண் இருந்த இடங்களில் முதலில் புள்ளி புள்ளியாக இறங்கியது. மற்ற இடங்களில் தயங்கித் தயங்கித்தான் இறங்கியது. நான் எழுந்திருக்கவில்லை, முழுக்க இறங்குகிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

கல்லை என்னால் தூக்க முடியவில்லை. புரட்டிப் பார்த்தேன், நகரவில்லை. வரப்புக்கு அந்தப் பக்கம் குச்சிக்கிழங்கு பிடுங்க எருமப்பட்டிப் பக்கமிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். ஒரு பெண் தண்ணீர் குடிக்க மரத்தடிக்கு வந்தாள். பெயர் கேட்டேன், ஆராயி என்றாள். ஒரு கை பிடிக்கச் சொன்னேன். இரண்டு பேருமாகத் தூக்கிக் குழிமேல் நிறுத்தி, சுற்றி மண் அணைத்து மிதித்தோம்.

"யாருதுங்க கல்லு?" என்றாள்.

"என்ற ஊட்டுக்காரர்துங்க."

"எப்பங்க தவறுனாரு?"

"ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சு. வெளியூர்ல இருந்தாரு. இன்னைக்குத்தான் வந்தாரு."

சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, கல்லைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கிழங்குக் காட்டுக்குப் போய்விட்டாள். நான் குடத்தில் மிச்சமிருந்த தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்தேன். வீட்டில் எனக்காகக் காத்திருக்கிற வேலை ஒன்றும் இல்லை. வெயில் மரத்தைத் தாண்டிக் காலில் படுகிறவரை அழுதேன்.